ஈயச் சிப்பாய்களும் கண்டிப் போர் நிறங்களும்

பேராதனையிலிருந்து கலஹாவை நோக்கி மலையேறும் பாதையிற் செல்வோர் கண்ணுக்கு முதலிற் படுவது தேயிலையின் பச்சை நிறமாகும். கவ்வாத்து வெட்டப்பட்டு, கொழுந்து துளிர்த்து, சரிவெங்கும் ஒரே மட்டமாகப் படர்ந்து நிற்கும் அப்பசுமை, இம்மலைகளுடன் கூடவே பிறந்த நிறம் போலத் தோன்றுகின்றது. ஆகவே, 1803ஆம் ஆண்டிற் கண்டியில் நிகழ்ந்த போரைச் சிற்றுருவப் படைகளால் மேசைமீது அமைத்துக் காட்ட விரும்பும் மாணவன் ஒருவன், தான் அமைக்கும் மாதிரி மலைகளுக்குத் தயக்கமின்றித் தேயிலைப் பச்சையையே தீட்டிவிடக் கூடும். காண்போரும் அதனை மெச்சக் கூடும். ஆயினும் அங்கு ஒரு வரலாற்றுப் பிழை நிகழ்ந்துவிடுகின்றது. கலஹாவுக்கு அணித்தாயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன்னர் இம்மலைகளைப் பிடித்திருந்த கோப்பித் தோட்டங்களும் 1820களுக்குப் பின்னர் எழுந்தவையே. 1803இல் இச்சரிவுகளில் நின்றவை அடர்காடும், பத்தனைப் புல்வெளியும், சேனைப் பயிர்நிலமும், பள்ளத்தாக்குகளில் நெல்வயலுமாகும். அவற்றின் நிறங்கள் கரும்பச்சை, உலர்ந்த புல்லின் மஞ்சட் கபிலம், எரித்த நிலத்தின் கருமை, விளைந்த நெல்லின் பொன்மை எனப் பலவாறு வேறுபட்டவை.

ஒரு சிறு மாதிரிக்கு வர்ணம் தேர்வது விளையாட்டுப் பிள்ளைகளின் காரியம் என்று கருதுவோர் உளர். ஆயின் மேற்கூறிய உதாரணம் வேறொன்றைப் புலப்படுத்துகின்றது. எழுத்தாளன் ஒருவன் தான் அறியாத செய்தியைச் சொல்லாது விடலாம். "வீரர் சிலர் வந்தனர்" என்று எழுதிவிட்டு, அவர்தம் உடையின் நிறத்தைக் கூறாது அப்பாற் செல்லலாம். சிற்றுருவத்துக்கு வர்ணம் தீட்டுவோனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு சட்டைக்கும் ஏதேனும் ஒரு நிறத்தை அவன் இட்டே தீரவேண்டும். இடப்படும் ஒவ்வொரு நிறமும் கடந்தகாலத்தைப் பற்றிய ஒரு கூற்றாகிவிடுகின்றது. அக்கூற்று மெய்யாதற்கு எத்தகைய சான்றுகளை நாடவேண்டும் என்பதைக் கண்டிப் போர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிற்றுருவப் படைகளின் தொன்மை

போர்வீரரைச் சிறு வடிவிற் செய்து நிறந்தீட்டும் வழக்கம் மிகத் தொன்மையானது. எகிப்து நாட்டின் அசியூத் என்னுமிடத்தில், ஏறத்தாழ கி.மு. 2000ஆம் ஆண்டளவில் வாழ்ந்த மெசேத்தி என்னும் மாகாணத் தலைவனின் கல்லறையில், மரத்தாற் செய்த இரு படைகள் கண்டெடுக்கப்பட்டன. ஒன்றில் 40 எகிப்திய ஈட்டிவீரர். மற்றதில் 40 நூபிய வில்வீரர். எகிப்தியரின் மேனி செங்கபில நிறமாகவும், நூபியரின் மேனி அதனினும் கரியதாகவும் தீட்டப்பட்டுள்ளன. ஈட்டிவீரர் தாங்கிய கேடயங்கள் மாட்டுத்தோலின் புள்ளிகளைக் காட்டுகின்றன. அப்புள்ளிகளும் கேடயத்துக்குக் கேடயம் வேறுபடுகின்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த அக்கைவினைஞன், ஒரு படையில் நிற்போர் யாவரும் ஒரேவிதமானவர் அல்லர் என்பதை உணர்ந்திருந்தான்.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரத்துக் கொல்லர் தட்டையான வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்து விற்றனர். 1824இல் றைஸ்விற்ஸ் என்னும் புருசியப் படையதிகாரி தாம் திருத்தியமைத்த போர்ப்பயிற்சி விளையாட்டைத் தம் நாட்டுப் படைக்கு அளித்தார். அதிற் சிப்பாய் உருவங்கள் இல்லை. சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளே இருந்தன. 1893இல் இலண்டனில் வில்லியம் பிரித்தன் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை மலிவாக வார்க்கத் தொடங்கினர். 1913இல் எச். ஜி. வெல்ஸ் அத்தகைய பொம்மைகளைக் கொண்டு ஆடும் போர்விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு நூல் வெளியிட்டார். இன்று ஈயக்கலவையாலும் பிளாஸ்டிக்காலும் செய்த சிற்றுருவங்கள் பல அளவுகளிற் கிடைக்கின்றன. அவற்றுட் பெருவழக்கானது ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரமுள்ளதாகும்.

இவ்வரலாற்றில் நிறத்தின் பணி எல்லாவிடத்தும் ஒன்றன்று. றைஸ்விற்சின் கட்டைகளிற் சிவப்பும் நீலமும் பக்கத்தை மட்டும் குறித்தன. அவை எந்தச் சட்டையின் நிறமும் அல்ல. நம் இல்லங்களில் நவராத்திரிக் கொலுவில் வைக்கும் பொம்மைகளின் நிறம் மரபினால் விதிக்கப்பட்டது. கண்ணனுக்கு நீலமும், கலைமகளுக்கு வெண்மையும் இலக்கணம் பற்றி அமைந்தவை. வரலாற்றுச் சிற்றுருவத்தின் நிறமோ இவ்விரண்டினும் வேறானது. அது சான்று பற்றியது. இவ்வேறுபாட்டை மறந்து, பக்கத்தைக் குறிக்கும் நிறத்தை அல்லது மரபாய் வந்த நிறத்தைச் சான்றுள்ள நிறமென மயங்குவதாலேயே பிழைகள் பலவும் தோன்றுகின்றன.

செஞ்சட்டையின் செம்மை

1803ஆம் ஆண்டுப் போரின் செய்தி சுருக்கமாக வருமாறு: தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்தின் கட்டளைப்படி பிரித்தானியப் படை பெப்ரவரி மாதத்திற் கண்டி நகரிற் புகுந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நகரைவிட்டு நீங்கியிருந்தான். அரச குடும்பத்துக்கு உறவினனான முத்துசாமி என்பவனை அரியணையில் இருத்தி, ஒரு காவற்படையையும் விட்டுப் பிரித்தானியர் மீண்டனர். காய்ச்சலாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் நலிந்த அக்காவற்படை, மேஜர் டேவியின் தலைமையில் ஜூன் 24ஆம் திகதி சரணடைந்தது. முத்துசாமி மன்னனிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். இரு நாட்களின் பின் மகாவலி கங்கையின் கரையில், வட்டபுளுவ என்னுமிடத்தில், சரணடைந்த வெள்ளைச் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அங்கிருந்து உயிர் தப்பிச் செய்தி கொண்டுசென்றவன் பார்ன்ஸ்லி என்னும் கோப்பிறல் ஒருவனே.

இக்காட்சியை அமைப்போன் பிரித்தானியச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை தீட்டவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் எந்தச் சிவப்பு? அக்காலப் பிரித்தானியப் படையில் அதிகாரிகளின் சட்டைத்துணி அமெரிக்கக் கள்ளிச்செடிகளில் வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியின் சாயத்தால் ஒளிமிக்க செந்நிறம் பெற்றது. சாதாரணச் சிப்பாய்களின் முரட்டுக் கம்பளித்துணியோ, நம் மஞ்சிட்டிக்கு இனமான ஐரோப்பிய மாடர் என்னும் செடியின் வேரிலிருந்து எடுத்த மலிவான சாயம் ஏற்றப்பட்டது. அது செங்கல்லின் நிறத்தைச் சார்ந்து சற்று மங்கலாயிருக்கும். ஆகவே ஒரே படைப்பிரிவில் இருவகைச் சிவப்புகள் அருகருகே நின்றன. அவ்வேறுபாடு பதவியின் வேறுபாடும், பணத்தின் வேறுபாடுமாகும்.

மாடர் வேரிலுள்ள அலிசரின் என்னும் சாயப்பொருள் நமக்கு அயலானதன்று. யாழ்ப்பாணம், மன்னார் முதலிய வடபகுதிகளின் மணல்நிலங்களிற் கிண்டியெடுக்கப்பட்ட சாயவேரிலும் அதுவே உள்ளது. சோழமண்டலக் கரையின் செந்நிறத் துணிகளுக்குப் புகழ் தேடித்தந்தது அவ்வேரே. ஒல்லாந்தர் ஆட்சியிற் சாயவேர் அரசின் தனியுரிமைப் பொருளாயிற்று. தொடக்கக்காலப் பிரித்தானியரும் அவ்வுரிமையைத் தொடர்ந்தனர். 1868இல் ஜேர்மானிய இரசாயன அறிஞர் கிறேபே, லீபர்மன் என்போர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டபின், வேரிலிருந்து சாயம் எடுக்கும் தொழில் உலகெங்கும் நலிந்தது. இன்று கடைகளிற் கிடைக்கும் செயற்கை வர்ணத்தின் சிவப்பு, வேர்ச்சாயத்தின் சிவப்பினும் கூர்மையானது. அதனை அவ்வாறே எடுத்துப் பூசினால் 1803ஆம் ஆண்டின் சிப்பாய் தான் ஒருபோதும் உடுத்தியிராத நிறத்தை உடுத்துவிடுவான். சிறிது கபிலமும் சிறிது மஞ்சளும் கலந்து அச்சிவப்பின் கூர்மையைத் தணித்தல் வேண்டும்.

அன்றியும், பெப்ரவரி தொடங்கி ஜூன்வரை மலைநாட்டு மழையிலும் வெயிலிலும் கிடந்து, நோயுற்று, சரணடைந்த படை அது. அதன் சட்டைகள் புதுத்துணிபோல் ஒளிர்ந்திருக்க இயலாது. வெளிறிய தோள்களும், சேறுபட்ட வெள்ளைக் காற்சட்டைகளும், மங்கிய குறுக்குவார்களும் அக்காவற்படைக்கு உரியவை. அணிவகுப்பு மைதானத்தின் நிறத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுசெல்வது பிழை.

இன்னொன்று கவனிக்கத்தக்கது. செஞ்சட்டை யாவர்க்கும் பொதுவாயினும், கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் படைப்பிரிவுக்கு ஏற்ப நிறம் வேறுபட்டன. 1796 முதல் 1820வரை இலங்கையிற் பணிபுரிந்த 19ஆம் படைப்பிரிவுக்கு அவை பச்சை நிறமாகும். முன்னொருகாற் ஹவார்ட் என்னும் பெயருடைய இரு தளபதிகள் இரு படைப்பிரிவுகளுக்குத் தலைவராயிருந்தமையால், கைமடிப்பின் நிறங்கொண்டே அவற்றைப் பிரித்தறிந்தனர். 19ஆம் பிரிவுக்குப் "பச்சை ஹவார்ட்" என்னும் பெயர் அவ்வாறு நிலைத்தது. 1818ஆம் ஆண்டு ஊவா வெல்லச எழுச்சியின்போது இங்கிருந்த 83ஆம் பிரிவுக்கோ அந்நிறம் மஞ்சளாகும். 28 மில்லிமீற்றர் உருவத்திற் கைமடிப்பு ஓர் எள்ளளவே வரும். எனினும் அவ்வெள்ளளவு வர்ணமே அச்சிப்பாய் இன்ன படையினன், இன்ன ஆண்டில் இங்கு நின்றவன் என்பதைக் கூறுகின்றது.

காலமயக்கம் நேரக்கூடிய இன்னோரிடமும் உண்டு. "இலங்கை றைபிள் படை" கரும்பச்சைச் சீருடையினால் அறியப்பட்டது. காட்டில் மறைந்து சுடும் வீரர்க்குச் சிவப்பு ஆபத்தானது என்னும் அறிவிலிருந்து றைபிள் படைகளின் பச்சை பிறந்தது. மலாயர் பெருந்தொகையாக இருந்த இப்படை அப்பெயரைப் பெற்றது 1827இலாகும். அது 1870களிற் கலைக்கப்பட்டது. அதன் பச்சைச் சட்டையை 1803ஆம் ஆண்டின் மலாய்ச் சிப்பாய்க்கு அணிவிப்பது, அந்த ஆண்டின் மலைக்குத் தேயிலை தீட்டுவதைப் போன்றதே.

சீருடை இல்லாத படை

பிரித்தானியரின் நிறத்துக்குச் சான்றுகள் மிகுதி. கண்டி வீரரின் நிறத்துக்குச் சான்றுகள் அரிது. அதனால் மாதிரி அமைப்போர் பலரும் கண்டிப் படை முழுவதற்கும் ஒரே நிறத்தைக் கற்பித்துவிடுகின்றனர். இது பெரும்பிழை. கண்டி அரசின் படையிற் பெரும்பாலோர் நிலையான சம்பளப் படையினர் அல்லர். நிலத்துக்கு ஈடாக இராஜகாரியம் என்னும் ஊழியம் செய்த குடிகள். அவர்கள் அழைக்கப்பட்டபோது தத்தம் உடையுடனேயே வந்தனர். சீருடை இல்லாதவனுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் மரியாதையன்று. அவன் வாழ்ந்த முறையை மறைப்பதாகும்.

கண்டி மக்களின் உடையைப் பற்றிய சிறந்த சான்றுகளுள் ஒன்று றொபேட் நொக்ஸ் என்பார் எழுதி 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலாகும். 1660 முதல் 1679வரை இவ்வரசிற் சிறையிருந்த அவர், கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்னும் ஊரிலே பல ஆண்டுகள் வாழ்ந்தவர். ஆடவர் வெள்ளை அல்லது நீலநிறப் பருத்திச் சட்டை அணிந்ததையும், வெள்ளைத் துணியின்மேல் நீலமோ வேறு நிறமோ உள்ள துணியை இடையிற் சுற்றியதையும், வெள்ளியும் பித்தளையும் இழைத்த கத்தியும் வாளும் தரித்ததையும் அவர் கூறுகின்றார். உடையின் நீளம் குலத்துக்கும் நிலைக்கும் ஏற்ப வரையறுக்கப்பட்டிருந்தது என்பதும் அவர் தரும் செய்தி. எனவே கண்டிப் படையில் வேறுபாட்டைக் காட்டியது துணியின் நிறம் மட்டுமன்று, துணியின் அளவுமாகும். மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோ மேற்சட்டையின் உடற்பகுதியை ஒரு நிறத்திலும் கைகளை இன்னொரு நிறத்திலும் அமைத்து உடுத்தவன். பேராதனைக்கு எதிரேயுள்ள கன்னொறுவையில் 1638ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரை முறியடித்தவன் இவனே.

இரண்டாவது சான்று கோயிற் சுவரோவியங்களாகும். நாயக்க வமிசத்து மன்னனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆட்சியில் (1747–1782) கண்டி நாட்டின் விகாரைகள் பல புதுப்பிக்கப்பட்டு ஓவியம் பெற்றன. கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவைக் குகைக் கோயிலின் ஜாதகக் கதை ஓவியங்கள் அவற்றுட் புகழ்வாய்ந்தவை. அரசரும், ஏவலரும், ஊர்வலம் செல்வோரும் ஓவியன் தன் காலத்திற் கண்ட உடையிலேயே அங்குத் தோன்றுகின்றனர். இவ்வோவியங்களின் வர்ணங்களைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் ஆராய்ந்துள்ளார். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரமும் கொக்கட்டு மரத்தின் பிசினும், வெண்மைக்கு மகுல் என்னும் வெண்களிமண், கருமைக்கு விளக்குப்புகைக் கரி, இவற்றைப் பிணைக்க விளாம்பிசின் என்பன வழங்கின. சாதிலிங்கமும் அரிதாரமும் தமிழ் மருத்துவ நூல்களிலும் பயிலும் பெயர்களாதலின் நம் மாணவர்க்கு அவை எளிதில் விளங்கும்.

இங்கு ஒரு முரண் தோன்றுகின்றது. நொக்ஸ் நீலத்துணியைப் பெருவழக்காகக் கூறுகின்றார். சுவரோவியங்களிலோ சிவப்பும் மஞ்சளும் வெண்மையுமே ஓங்கி நிற்கின்றன. எது மெய்? இரண்டும் மெய்யே. துணிக்குச் சாயம் ஏற்றுவோன் அவுரியின் நீலத்தை நாடினான். சுவரில் எழுதுவோன் தன் கற்களும் மண்ணும் தந்த நிறங்களை நாடினான். செந்நிறப் பின்னணியும் ஓவிய மரபின் பாற்பட்டது. அங்குள்ள வானம் சிவந்திருப்பதால் கண்டியின் வானம் சிவந்திருந்தது என எவரும் கொள்ளார். எனவே ஓவியத்திலிருந்து உடையின் வடிவையும், கோடுகள், பூக்கள், கரைகள் என்பவற்றின் அமைப்பையும் கொள்ளலாம். நிறத்தைக் கொள்ளும்போது எழுத்துச் சான்றையும் சாயத்தொழிலின் இயல்பையும் ஒத்துநோக்குதல் வேண்டும். நொக்ஸின் காலத்துக்கும் 1803க்கும் இடையே நூறாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது என்பதையும் மறத்தலாகாது. ஒரு சான்றை மட்டும் நம்புவோன் ஒரு கண்ணாற் காண்பவனாவான்.

இவற்றால், கண்டி வீரர் தொகுதிக்கு வெளுத்த வெள்ளை, வெளுக்காத பருத்தியின் வெண்கபிலம், அவுரி நீலத்தின் பலதரங்கள் என்பவற்றைப் பெரும்பான்மையாகவும், சிவப்புக் கரைகளைச் சிறுபான்மையாகவும் கொண்டு, எந்த இருவரும் ஒன்றுபோல் தோன்றாவகை தீட்டுவதே தகும்.

மேனியின் நிறம்

உடையினும் நுண்ணிய வினா மேனியின் நிறம் பற்றியதாகும். மேலைநாட்டு வர்ணப் பெட்டிகளில் "தோல்நிறம்" என்று நெடுங்காலம் பெயரிடப்பட்டிருந்தது வெள்ளையரின் வெளிர்சிவப்பு நிறமே. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் தன் வண்ணக்கோலின் அப்பெயரை 1962இற் பீச் என்னும் பழத்தின் பெயராக மாற்றியது. ஒரு நிறத்தை மட்டும் மனிதத் தோலின் நிறமெனப் பெயரிட்டால் ஏனையோர் மனிதருள் விதிவிலக்காகிவிடுவர் என்பதை அம்மாற்றம் ஒப்புக்கொண்டது.

கண்டிப் போர்களை அமைப்போனுக்கு இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. "பிரித்தானியப் படை" என்றதும் செஞ்சட்டைமேல் வெள்ளைமுகம் வைத்துவிடுவது பலரது வழக்கம். ஆயின் அப்படையில் ஐரோப்பியரோடு மலாயரும், இந்தியரும், ஆபிரிக்கரும் இருந்தனர். இலங்கைப் படைப்பிரிவுகளுள் முதலாவது மலாயராலும், மூன்றாவது ஆபிரிக்கராலும் அமைந்தவை. புத்தளத்தை அடுத்து இன்றும் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் முன்னோருள் அச்சிப்பாய்களும் அடங்குவர். 1803இற் கண்டியிற் காவலிருந்த மலாயரின் கப்டன் நூருதீன், மன்னனின் சேவையில் அமர மறுத்து, தம் சகோதரருடன் கொலைத்தண்டனை ஏற்றார். மன்னனின் படையிலும் மலாயர் போரிட்டனர். மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்க வமிசத்தவன். பிரித்தானியர் அவனுக்கு எதிராக நிறுத்திய முத்துசாமியும் அவ்வமிசத்தவனே.

ஆதலின் அப்போரை வெள்ளையர் ஒருபுறமும் கருநிறத்தோர் மறுபுறமுமாக நிறத்தாற் பிரித்துக் காட்டுவது மெய்யாகாது. ஒரே மேனிநிறம் இருபுறமும் நின்றது. இதனைச் சொற்களால் ஒரு வகுப்பு மாணவர்க்கு விளக்க நெடுநேரம் செல்லும். சரியாகத் தீட்டப்பட்ட இருபது சிற்றுருவங்களை மேசையில் வைத்தாலோ அது ஒரு நொடியில் விளங்கிவிடும். பிழையாகத் தீட்டப்பட்டவை அதே விரைவில் ஒரு பொய்யைப் பதித்துவிடும்.

கொடியின் நிறம்

மாதிரிப் போர்க்களத்திற் கண்ணை முதலிற் கவர்வது கொடி. கண்டி வீரர் கையில் இன்றைய தேசியக்கொடியைக் கொடுத்துவிடும் வழக்கமும் உண்டு. 1815இற் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர் எடுத்துச் சென்ற சிங்கக்கொடி இலண்டன் செல்சி மருத்துவ விடுதியில் வைக்கப்பட்டிருந்தது. அதன் வடிவை ஈ. டபிள்யூ. பெரேரா 1916இல் வெளியிட்ட சிங்களக் கொடிகள் பற்றிய நூலின்மூலம் மக்கள் அறிந்தனர். அச்சிங்கக்கொடியே 1948 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினத்தில் ஏற்றப்பட்டது. தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் செம்மஞ்சள், பச்சைப் பட்டிகள் 1951இற் சேர்க்கப்பட்டன. அரசிலைகள் நான்கும் இன்று உள்ளவாறு அமைந்தது 1972இல். எனவே அப்பட்டிகளை உடைய கொடி 1803ஆம் ஆண்டுக் களத்துக்கு உரியதன்று. கொடியிலுள்ள நிறங்களுக்கும் பிறந்த ஆண்டு உண்டு. எவருடைய கோரிக்கை எப்போது ஏற்கப்பட்டது என்பதன் பதிவு அவ்வாண்டிலே கிடக்கின்றது.

அளவும் ஒளியும்

சான்றுகளால் நிறத்தைத் துணிந்த பின்னரும் அதனை அவ்வாறே பூசிவிட இயலாது. ஏறத்தாழ 1.7 மீற்றர் உயரமுள்ள மனிதனை 28 மில்லிமீற்றராகக் குறைப்பது அறுபதில் ஒன்றாக்குவதாகும். அவ்வுருவை 60 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து காண்பது உண்மை மனிதனை 36 மீற்றர் தூரத்திற் காண்பதற்கு ஒப்பாகும். அத்தூரத்திற் பொத்தானும் நூற்கரையும் தனித்துத் தோன்றா. அருகருகேயுள்ள நிறங்கள் கலந்து ஒன்றாகும். சிறிய பரப்பில் ஒரு நிறம் பெரிய துணியில் உள்ளதினும் இருண்டு தோன்றும். ஆகவே சிற்றுருவத்துக்கு மூலநிறத்தினும் சற்று வெளிறிய நிறத்தை எடுத்து, மடிப்புகளில் இருண்ட நீர்வர்ணத்தை ஓடவிட்டு, மேடுகளில் இன்னும் வெளிறிய நிறத்தைத் தொட்டுவைப்பது கைதேர்ந்தோர் வழக்கம். கரும்பச்சைச் சட்டையும் கருநீலத் துணியும் இவ்வாறு செய்யாவிடின் வெறும் கருமையாகவே தோன்றும்.

பிரான்சிய இரசாயன அறிஞர் செவ்றோல், கொப்லென் நெசவுச்சாலையிற் சாயத்தொழிலை மேற்பார்த்தவர். அருகருகே வைக்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதியை 1839இல் நூலாக வெளியிட்டார். பச்சைக்கு அருகில் வைத்த சிவப்பு மேலும் சிவக்கும். ஆதலின் பச்சை மலையில் நிற்கப்போகும் செஞ்சட்டைச் சிப்பாயை வெள்ளைத்தாளின்மேல் வைத்து நிறம் பார்ப்பது போதாது. அவன் நிற்கும் நிலத்தின்மேல் வைத்தே பார்த்தல் வேண்டும். நிலத்தின் நிறம் பிழைத்தால் சட்டையின் நிறமும் பிழைக்கும்.

தீட்டப்படாதோர்

நிறங்கள் யாவும் சரியாக அமைந்தும் ஒரு மாதிரி பொய்யாதல் கூடும். வாட்டர்லூப் போர்க்களத்தின் பெருமாதிரியை அமைத்த வில்லியம் சைபோன் என்னும் படையதிகாரியின் வரலாறு இதற்குச் சான்று. அவர் அக்களத்திற் பல மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் நின்ற அதிகாரிகளுக்கு மடல்கள் விடுத்து, அவரவர் நின்ற இடத்தை மட்டுமன்றி, அவர்கள் முன்னிருந்த வயலில் என்ன பயிர் நின்றது என்பதையும் வினவினார். 1838இல் இலண்டனிற் காட்சிக்கு வந்த அம்மாதிரியில் 70,000க்கு மேற்பட்ட வெள்ளீய உருவங்கள் இருந்தன. தம் வெற்றியிற் புருசியர்க்கு அது மிகுந்த பங்கு அளிக்கின்றதென வெலிங்டன் பிரபு கருதினார். முடிவிற் சைபோன் தம் மேசையிலிருந்து புருசியர் பெருந்தொகையினரை அகற்ற நேர்ந்தது. பயிரின் நிறம் சரியாயிருந்தது, மனிதர் நீக்கப்பட்டனர்.

கண்டிப் போர்களின் மாதிரிகளிலும் அவ்வாறு விடுபடுவோர் உளர். கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை அமைந்தது 1820களில், எட்வேட் பார்ன்ஸ் தேசாதிபதியின் காலத்திலாகும். அதற்கு முன்னர் மலையேறிய ஒவ்வொரு படையின் அரிசியும், வெடிமருந்தும், கூடாரமும், நோயாளர் தூளியும் மனிதர் தலையிலும் தோளிலும், மாட்டின் முதுகிலும் ஏறியே வந்தன. அச்சுமைகாவிகள் இன்றி எந்தப் படையும் ஒரு நாள்கூட மலையில் நின்றிராது. எனினும் விற்பனைக்கு வரும் சிற்றுருவப் பெட்டிகளில் அவர்கள் அரிது. அவர்களுக்குச் சீருடை இல்லை, கைமடிப்பு நிறம் இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை. சாயத்துக்குப் பணம் வேண்டும். ஆதலின் அவர்தம் நிறம் சாயமேற்றாத பருத்தியின் மங்கல் வெண்மையும், வெயிலிற் கறுத்த மேனியுமே எனக் கொள்ளலாம். ஒரு படைவரிசைக்குப் பின்னால் இத்தகைய உருவங்களையும் நிரைநிரையாக வைத்தால்தான் மாதிரி முழுமை பெறும்.

பின்னர் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக இம்மலைகளுக்கு வந்த தமிழ்மக்களையும் வரலாற்றுப் படங்கள் நெடுங்காலம் இவ்வாறே விட்டுவிட்டன. அவர்கள் உழைப்பின் நிறம் மலைகளிற் பச்சையாய் நிற்கின்றது. அவர்கள் உருவம் மட்டும் படத்தில் இல்லை. கலஹாவிலும் அயற்றோட்டங்களிலும் அம்மக்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று வரலாறு கற்கின்றனர். படையின் பின்னணியில் நின்ற பெயரற்றோரைத் தேடி அவர்க்கும் ஒரு நிறம் தரும் பழக்கம், அப்பிள்ளைகளுக்குத் தம் முன்னோரைத் தேடும் பயிற்சியுமாகும்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வரலாற்றுச் சிற்றுருவத்துக்கு நிறம் தேர்வோன் நான்கு வினாக்களை வினாவுதல் வேண்டும். இந்நிறம் அந்த ஆண்டில் இருந்ததா? இருந்தால் எந்தச் சாயத்தால், எவருடைய பணத்தால் உண்டாயிற்று? வெயிலும் மழையும் காலமும் அதனை எவ்வாறு மாற்றின? இம்மேசையில் நிறம் பெறாது விடுபட்டோர் யாவர்? முதல் மூன்றும் கல்வியைக் காட்டும். நான்காவது நேர்மையைக் காட்டும்.

பாடசாலை வரலாற்று மன்றங்கள் மாதிரிப் போர்க்களங்களை அமைக்கும்போது, ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய சான்றினை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்குமாறு ஆசிரியர் மாணவரைத் தூண்டலாம். சான்று உள்ள நிறம் இது, ஊகித்த நிறம் இது என அதிற் பிரித்தெழுதுதல் வேண்டும். ஊகிப்பது குற்றமன்று, ஊகத்தைச் சான்றெனக் காட்டுவதே குற்றம். அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் கலஹா மலையின் நிறம் இடம்பெறட்டும். 1803ஆம் ஆண்டுக்கு ஒன்று, 1867ஆம் ஆண்டுக்குப் பின்னர் இன்னொன்று என இரு பச்சைகளை அடுத்தடுத்துத் தீட்டிப் பார்க்கும் மாணவன், தன் பாடசாலைச் சாளரத்தினூடே நாள்தோறும் காணும் மலையும் வரலாற்றினால் ஆக்கப்பட்டதே என்பதை உணர்வான்.